உண்ணி மருந்து ஊற்றியும் போகவில்லை, நாய் சாப்பிடவில்லை - அவசரம்

மொட்டைமாடி:
நாய்க்கு உண்ணி. கழுத்தில் ஊற்றுகிற மருந்து போட்டாச்சு. ஆனாலும் காதுக்குள் கொத்துக் கொத்தாக இருக்கிறது. நேற்றிலிருந்து சோற்றைத் தொடவில்லை, படுத்தே கிடக்கிறான். என்ன மாத்திரை கொடுக்கலாம்? சீக்கிரம் சொல்லுங்கள்.

தேனிக்காரன்:
என்ன நாய், என்ன வயது, எத்தனை கிலோ? மருந்து பெயர் என்ன? காய்ச்சல் இருக்கிறதா?

வேப்பங்காற்று:
வேப்பெண்ணெயில் கற்பூரத்தைப் பொடித்துப் போட்டு மேலெல்லாம் தடவுங்கள். எங்கள் ஊரில் இதுதான் வைத்தியம்.

கோம்பை:
கற்பூரத்தை நக்கினால் நாய்க்கு வலிப்பு வரும், வேண்டவே வேண்டாம். மொட்டைமாடி, ஊற்றியது ஃபிப்ரோனிலா? குளிப்பாட்டின கையோடு ஊற்றினீர்களா? அது தோலின் எண்ணெய்ப் பசையில்தான் பரவும். ஷாம்பு போட்டால் முன்னும் பின்னும் இரண்டு நாள் விட வேண்டும்.

அனுபவசாலி:
இதே கேள்விக்கு எத்தனை தடவைதான் எழுதுவது? பழைய பதிவுகளைத் தேடிப் பார்க்கும் பழக்கமே யாருக்கும் கிடையாது. நாய் மேல் இருப்பது கொஞ்சம், மீதி உங்கள் சுவர் விரிசலில். ரத்தம் குடித்து இறங்கும் ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். வீடு முழுக்க சைபர்மெத்ரின் பூச்சிமருந்து அடியுங்கள்.

மொட்டைமாடி:
சிப்பிப்பாறை, 3 வயது, 22 கிலோ இருக்கும். ஃபிப்ரோனில்தான். ஆமாம், குளிப்பாட்டிவிட்டுத்தான் ஊற்றினேன். உடம்பு சுடுகிறது. நாட்டு நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் வராது என்றார்களே? பூனையும் இருக்கிறது, மருந்து அடிக்கலாமா?

கோம்பை:
பூனையை இப்போதுதான் சொல்கிறீர்கள்! சைபர்மெத்ரின் பூனைக்கு விஷம், அடிக்காதீர்கள். முதலில் நாயின் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ, மூத்திரம் காபி நிறத்தில் போனாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள். எதுவுமே இல்லாவிட்டாலும் இன்றைக்கே ரத்தம் பார்க்க வேண்டும். உண்ணி பரப்பும் பாக்டீரியாவான எர்லிக்கியா என்றால் டாக்ஸிசைக்ளின் என்கிற ஆன்டிபயாடிக், வழக்கமாக 28 நாள். உண்ணியால் வரும் இன்னொரு ரத்தக் கிருமியான பபீசியா என்றால் அது போதாது, மருந்தே வேறு. நீங்களாக மாத்திரை வாங்காதீர்கள்.

வேப்பங்காற்று:
நாட்டு நாய்க்கு எதிர்ப்புச் சக்தி அதிகம் சார். சீமை நாய்க்குத்தான் இந்தச் சீக்கெல்லாம்.

தேனிக்காரன்:
ஜெர்மன் ஷெப்பர்டை எர்லிக்கியா மோசமாகப் படுத்தும், அது உண்மை. அதற்காக நாட்டு நாய்க்கு வராதா? தெரு நாய்கள் வெளியே தெரியாமல் மாதக்கணக்கில் சுமந்து திரியும்.

வேப்பங்காற்று:
எங்கள் தாத்தா வளர்த்த கன்னி நாய்கள் ஊசியே பார்த்ததில்லை.

அனுபவசாலி:
அவற்றில் எத்தனை எதனால் செத்தன என்று தாத்தா ரத்தம் எடுத்துப் பார்த்தாரா?

வேப்பங்காற்று:
பெரியவர்களை இழுக்காதீர்கள்.

மொட்டைமாடி:
டாக்டரிடம் போனோம். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு 48,000தானாம். எர்லிக்கியா. டாக்ஸிசைக்ளின் ஆரம்பித்தாச்சு. அப்புறம் வருகிறேன்.

கோம்பை:
தட்டணு 2 லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது. மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள், தொண்டையைப் புண்ணாக்கும். இரண்டு மூன்று நாளில் துள்ள ஆரம்பிப்பான், அதைப் பார்த்து நிறுத்திவிட வேண்டாம். தேறியதும் உண்ணியைக் கொல்லும் ஃப்ளூராலனர் மாத்திரை பற்றி டாக்டரிடம் கேளுங்கள், ஒரு மாத்திரை 12 வாரம் நிற்கும். முன்பு வலிப்பு வந்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

தேனிக்காரன்:
வீட்டில் மருந்து அடித்துவிட்டீர்களா? பூனை எங்கே இருக்கிறது?