திருவொற்றியூர் முதியோர் இல்லத்தில் கைவேலை: எதை எடுத்துட்டுப் போகலாம்?

தண்டையார்பேட்டை_சனிக்கிழமை:
எங்க தெரு ஆட்கள் நாலு பேர் மாசம் ரெண்டு சனிக்கிழமை திருவொற்றியூர் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போகப் போறோம். அனுமதி வாங்கியாச்சு. உட்கார்ந்து வேலை செய்யக்கூடியவங்க 12 பேர்: எட்டு பெண்கள், நாலு ஆண்கள். மூணு பேர் சக்கர நாற்காலி. ரெண்டு பேருக்குப் பக்கவாதத்தால ஒரு கை வேலை செய்யாது. ரெண்டு பேருக்கு மறதி நோய். குவில்லிங் (தாளைச் சுருட்டிச் செய்யுற வேலை), பாசிமணி, கலரிங் புக் இதெல்லாம் யோசனையில இருக்கு. எவ்வளவு நேரம் வைக்கலாம், என்ன அளவுக்கு வாங்கணும், எதைக் கொண்டு போகவே கூடாது?

மிண்ட்_நூல்கண்டு:
மூணையும் தள்ளி வைங்க. குவில்லிங் தாள் 3, 5 மில்லிமீட்டர் அகலம்தான் இருக்கும். கண்புரை உள்ள கண்ணுக்குத் தெரியாது, நடுங்குற விரலுக்கு அகப்படாது. பாசிமணி ஒண்ணு தரையில உருண்டாலே போதும், வழுக்கி இடுப்பெலும்பு முறியும். கலரிங் புக்ல இருக்கிறது யானைக்குட்டியும் பட்டாம்பூச்சியும். பேரன் பேத்தி எடுத்தவங்க கையில அதைக் குடுத்தா, நமக்கு இவ்வளவுதான் மரியாதைன்னு மனசுக்குள்ள நினைப்பாங்க. வெளியில சொல்ல மாட்டாங்க.

முதல் நாளுக்கு உல்லன் பந்து செய்ங்க. சட்டை டப்பா அட்டையில 7 செ.மீ. அகலத்துக்கு 12 துண்டு வெட்டுங்க. ஒவ்வொண்ணுலயும் நடுவில ஒரு விரல் அகலத்துக்குப் பாதி ஆழம் வரை பிளவு போடுங்க. பிளவுக்கு மேல குறுக்கே 80 சுத்து. அட்டையை உருவாமலே பிளவு வழியா கட்டு நூலை விட்டு இறுக்கி முடிச்சுப் போட்டு, அப்புறம் உருவி, ரெண்டு பக்கமும் வளையத்தை வெட்டினா பந்து தயார். ஒரு பந்துக்கு ஏறக்குறைய 11 மீட்டர் உல்லன் பிடிக்கும். 12 பேருக்கு 135, சேதாரத்தோட 160 மீட்டர் வாங்குங்க. சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு அழுத்தமான நிறம் எடுங்க. வெளிர் நீலமும் வெளிர் பச்சையும் வயசான கண்ணுக்கு ஒண்ணாத்தான் தெரியும்.

பந்து உதிர்ந்து போறது கட்டு நூலால. உல்லனையே வெச்சுக் கட்டினா அது இழுபட்டுத் தளரும். பூ கட்டுற பருத்தி நூலை நாலு இழையா எடுத்து, நனைச்சுக் கட்டுங்க, நழுவாது. வீட்டில கிடக்கிற காத்தாடி நூலை எடுத்துட்டுப் போயிடாதீங்க. நம்ம ஏரியாவில அதுல கண்ணாடித்தூள் மாஞ்சா மிச்சம் இருக்காதுன்னு யார் சொல்றது? முடிச்சும் வெட்டும் உங்க வேலை, சுத்துறது அவங்க வேலை. கத்தரிக்கோல் மூணு போதும். போகும்போது எண்ணின கணக்கு வரும்போது சரியா இருக்கணும்.

ராயபுரம்_பிசியோ:
மேல சொன்னது நல்ல தொடக்கம். உடம்பு சம்பந்தமா சில விஷயம்.

நேரம் 45 நிமிஷம், அதுக்கு மேல இழுக்க வேண்டாம். காலை பத்தரை மணி நல்லது. சாயங்காலம் வெளிச்சம் குறையக் குறைய மறதி நோய் உள்ளவங்களுக்குப் பதற்றம் கூடும், அஞ்சு மணிக்கு மேல வைக்காதீங்க. யாருக்காவது பார்க்கின்சன் இருந்தா மாத்திரை எத்தனை மணிக்குன்னு நர்ஸைக் கேளுங்க. மருந்து வேலை செய்யுற நேரத்தில கை ஓடும், அடுத்த வேளை மாத்திரை நெருங்கும்போது இறுகிப் போயிடும்.

சக்கர நாற்காலியோட கைப்பிடி பிளாஸ்டிக் மேசைக்கு அடியில போகாது. அதனால எட்ட உட்கார்ந்து முதுகை வளைப்பாங்க. மூணு பரீட்சை அட்டை வாங்கிக்கங்க, மடியில ஒரு தலையணை, அதுமேல அட்டை. ஒரு கை மட்டும் வேலை செய்யுறவங்களுக்குத் தச்சர் வெச்சிருக்கிற சி கிளாம்ப்புங்கிற திருகு இடுக்கியால உல்லன் அட்டையை மேசை விளிம்புக்கு வெளியே நீட்டிப் பூட்டுங்க, ஒரே கையால சுத்தலாம். பக்கவாதத்தில இடது பக்கம் இருக்கிறதையே கவனிக்காம விடுறவங்க உண்டு. அவங்களுக்கு முதல்ல பொருளை வலது பக்கம் வைங்க.

சர்க்கரை நோயால விரல் மரத்துப் போனவங்களுக்கு ஊசி குத்தினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. சூடா ஒட்டுற க்ளூ கன் கூடவே கூடாது. செல்லோ டேப்பைக் கையில ஒட்டி வெச்சுக்காதீங்க, பிய்க்கும்போது மெல்லிசான தோலும் சேர்ந்து வரும்.

பிள்ளையாருக்குக் கண் வைக்கிற குன்றிமணி விஷம். ஆமணக்கு விதையும் அப்படித்தான். மறதி உள்ளவங்க எதையும் வாயில வைப்பாங்கன்னு நினைச்சே பையை நிரப்புங்க. உருவம் செய்ய உப்பு மாவு பிசையாதீங்க, அவ்வளவு உப்பு உள்ள போனா ஆபத்து. சப்பாத்தி மாவு போதும், அன்னைக்கே தூக்கிப் போட்டுடலாம்.

யாருக்காவது சொறி சிரங்கு இருக்கான்னும் கேட்டுக்கங்க. ஒருத்தர் தொட்ட உல்லனை அடுத்தவருக்குக் குடுக்க வேண்டாம், ஆளுக்கு ஒரு கவர்ல போட்டுக் குடுத்துடுங்க.

காசிமேடு_கண்ணிவலை:
ஆம்பளைங்க நாலு பேரும் உல்லன் பந்துன்னா எழுந்து வராண்டாவுக்குப் போயிடுவாங்க, எழுதி வெச்சுக்கங்க. அவங்க முன்ன என்ன வேலை பார்த்தாங்கன்னு விசாரிங்க. நம்ம பக்கம் துறைமுகம், பின்னி மில், ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை, கடல், இதுல ஏதாவது ஒண்ணா இருக்கும். கடலுக்குப் போனவருக்கு வலை பின்னுற பிளாஸ்டிக் ஊசியும் நைலான் நூலும் ஒரு சின்னக் கட்டையும் போதும். கட்டையோட அகலம்தான் வலைக் கண்ணோட அளவு. ரெண்டு விரல் அகலம்னா வெங்காயப் பைக்குச் சரியா இருக்கும். அவர் உங்களுக்குச் சொல்லித் தருவார், நீங்க கத்துக்கங்க. பட்டறை வேலை பார்த்தவருக்கு மரப் பலகையும் 120 நம்பர் உப்புத்தாளும் குடுங்க. தூசி பறக்கும், மூச்சிரைப்பு உள்ளவங்களுக்குப் பக்கத்தில வேண்டாம்.

இன்னொண்ணு. இல்லத்தில வேலை பார்க்கிறவங்களையும் ஆயான்னுதான் கூப்பிடுவாங்க. பெரியவங்களையும் ஆயான்னா குழப்பம். அம்மா, ஐயான்னு கூப்பிடுங்க.

தண்டையார்பேட்டை_சனிக்கிழமை:
எல்லாருக்கும் நன்றி. ரெண்டு அம்மா பூ கட்டலாம்னு கேட்டிருக்காங்க. இல்ல நிர்வாகி பேப்பர் கவர் செய்யச் சொல்றார், விற்றா கொஞ்சம் காசு வருமாம். ரெண்டும் சரிப்படுமா?

மிண்ட்_நூல்கண்டு:
பூ கட்டுறது உல்லனை விட நல்ல யோசனை. பெயரே மறந்து போனவங்க விரலும் அந்த முடிச்சை மறக்காம இருக்கும். பாரிமுனை பத்ரியன் தெருவில காலையிலயே வாங்கிடுங்க. சாமந்தி பெரிசு, கைக்கு அகப்படும். அரளி மட்டும் வேண்டாம், செடி முழுக்க விஷம். பூ கட்டுற வாழை நாரை முதல்லயே ஊற வைங்க, காய்ஞ்ச நார் இழுத்தா அறுந்து போகும். முடிச்சுப் போட முடியாதவங்க ரெண்டு ரெண்டு பூவா ஜோடி சேர்த்து நீட்டட்டும், அதுவே பாதி வேலை.

வெள்ளைச் சேலை கட்டின அம்மா பூவைத் தொடத் தயங்கினா வற்புறுத்தாதீங்க. சாமி படத்துக்கு, மாதா சொரூபத்துக்குன்னு சொன்னா பெரும்பாலும் அவங்களே கூடையை இழுத்துக்குவாங்க.

கொருக்குப்பேட்டை_பைண்டிங்:
பேப்பர் கவருக்குச் செய்தித்தாளை 30க்கு 20 செ.மீ. துண்டா வெட்டிக் கொண்டு போங்க. ரெண்டு பக்க ஓரமும் நடுவில ஒண்ணு மேல ஒண்ணு ஒன்றரை செ.மீ. ஏறணும், அடியில 3 செ.மீ. மடிப்பு. 14க்கு 17ல கவர் வரும். மடிக்கிறதுக்கு ஒருத்தர், பசைக்கு ஒருத்தர், அழுத்துறதுக்கு ஒருத்தர்னு மூணு பேரா உட்கார வைங்க. ஒரு கை உள்ளவர் அழுத்தலாம்.

பசை: 50 கிராம் மைதா, 400 மில்லி தண்ணி. முதல்ல கொஞ்சம் பச்சைத் தண்ணியில கட்டியில்லாம கரைச்சுட்டு அடுப்பில வைங்க, பளபளன்னு வந்ததும் இறக்கிடுங்க. ஆறினா இன்னும் கெட்டியாகும், அதனால அடுப்பில தளர்வா இருக்கும்போதே எடுக்கணும். பைண்டிங்ல பூச்சி வராம இருக்க மயில்துத்தம் சேர்ப்போம். இங்கே சேர்க்காதீங்க, அது விஷம். அதனால பசை மறுநாளே புளிக்கும், அன்னன்னைக்குக் காய்ச்சுங்க.

ஒட்டுற நேரம் ஃபேனை நிறுத்துங்க, இல்லன்னா தாளைத் துரத்தவே நேரம் போயிடும். காய வைக்கும்போது ஃபேன் போடலாம். ஐப்பசி கார்த்திகையில ராத்திரி பூரா காயணும், அடுக்கி வெச்சா ஒட்டிக்கிட்டு பூஞ்சை பிடிக்கும். வளையல் கடைக்கும் ஃபேன்சி ஸ்டோருக்கும் குடுங்க. பஜ்ஜிக் கடைக்கு வேண்டாம், செய்தித்தாள் மை எண்ணெயில இறங்கும், உணவுப் பாதுகாப்புத் துறையும் அதைக் கூடாதுன்னுதான் சொல்லுது.

நிர்வாகிகிட்ட ஒண்ணு மட்டும் முன்னாடியே பேசிடுங்க: ஒரு நாளைக்கு இத்தனை கவர்னு கணக்குப் போடக் கூடாது, வர்ற காசு யாருக்குன்னு அவங்க எல்லார் முன்னாடியும் சொல்லணும்.