பிரபாவின் மாற்றம் எங்கே தொடங்குகிறது?

கேள்வி (செம்பூர்): 2024இல் கான் திரைப்பட விழாவில் கிராண்ட் பிரீ விருது பெற்ற பாயல் கபாடியாவின் ‘ஆல் வி இமாஜின் ஆஸ் லைட்’ படத்தைப் பார்த்த என் அம்மா, கதை நகரவே இல்லை என்கிறார். மும்பையில் செவிலியாக இருக்கும் பிரபா தன்னை உணரும் இடம் எது என்று அவருக்கு எப்படி விளக்குவது?

மறுமொழி (மாட்டுங்கா): ஜெர்மனிக்குப் போன கணவனிடமிருந்து பேச்சே நின்றுபோன நிலையில், ஒரு வரிக் கடிதமும் இல்லாமல் வந்துசேரும் ரைஸ் குக்கரைக் கவனிக்கச் சொல்லுங்கள். இரவில், மழைநீர் நனைத்த தரையைத் துடைப்பவள் அந்தக் குக்கரை இறுக அணைத்துக்கொள்கிறாள்; வசனமே கிடையாது. பத்துப் பக்க வசனம் சொல்லாததை அந்த அணைப்பு சொல்லிவிடுகிறது.

மறுமொழி (தாராவி): என்னைக் கேட்டால், தோழி பார்வதியோடு சேர்ந்து கட்டுமான விளம்பரப் பலகையின் மீது கல்லெறியும்போதே மாற்றம் தொடங்கிவிட்டது. கணவன் இறந்தபின், குடியிருப்புக்குக் காட்டக் காகிதம் இல்லாததால் பார்வதி வீட்டை இழக்கிறாள். (எங்கள் பகுதிக்காரர்களுக்கு இதற்கு உரை தேவையில்லை.)

மறுமொழி (செம்பூர்): கடற்கரையில் மூச்சற்றுக் கிடந்தவனைக் காப்பாற்றி, அவனையே கணவனாகப் பாவித்துப் பேசி, இனி வேண்டாம் என மறுக்கிறாளே, முடிவு அங்கேதான் வருகிறது, அதற்கு முந்தையவை எல்லாம் அதை நோக்கிய நகர்வுகளே.