எஞ்சின் மாற்றிய பிறகு காற்று-பெட்ரோல் கலவைத் தொல்லை: உங்கள் அனுபவம் என்ன?

கோயம்புத்தூரிலிருந்து:

என்னுடையது 1978 மார்க் 3 அம்பாசடர். பழைய 1489 சி.சி. எஞ்சின் ஆயில் குடித்தே களைத்துவிட்டது. உடைப்புக்கு வந்த பிற்கால அம்பாசடர் ஒன்றிலிருந்து 1817 சி.சி. இசுஸு பெட்ரோல் எஞ்சினை, ஐந்து கியர் பெட்டியோடு வாங்கி ஏற்றினேன். புது எஞ்சின் எண்ணை ஆர்.சி. புத்தகத்தில் ஏற்ற அலைந்தது தனிக் கதை.

நெடுஞ்சாலையில் வண்டி பறந்தது. சிக்னலில் நின்றால்தான் வினை. ஐடிலிங் (நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகம்) ஏறும், இறங்கும், குலுங்கும், அணைந்துவிடும். பட்டறையில், "கலவை சரியில்லை சார்" என்று பெட்ரோலைக் கூட்டும் திருகைத் திறந்துவிட்டார்கள். கொஞ்சம் தேவலை. அடுத்த வாரம் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டையே பெரிதாகப் போட்டார்கள். பிறகு லிட்டருக்கு 6 கிலோமீட்டர்தான் கிடைத்தது. சைலன்சர் வாயைத் தொட்டால் விரலில் அடுப்புக்கரி. சிக்னல் குலுக்கலோ போகவே இல்லை. நின்றால் பெட்ரோல் பட்டினி, ஓடினால் அஜீரணம். ஒரே வண்டிக்கு இரண்டும் எப்படி வரும்?

ஒரு நாள் இரவு ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு, ஓடும் எஞ்சினில் காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரின் வாயை உள்ளங்கையால் பாதி மூடினேன். அணையப் போன எஞ்சின் நிமிர்ந்து நின்றது. காற்றைக் குறைத்தால் பிழைக்கிறது என்றால், எங்கிருந்தோ திருட்டுக் காற்று வருகிறது. தெரு அடங்கியிருந்ததால் சத்தமும் கேட்டது. விசில் வருவதற்கு முன் குக்கர் சீறுவதுபோல் மெல்லிய "ஸ்ஸ்".

அந்த எஞ்சினின் மேனிஃபோல்டில் (கலவையை எஞ்சினுக்குள் கொண்டுபோகும் குழாய்) பிரேக்கை லேசாக்கும் பூஸ்டருக்கு ஓர் இணைப்பு உண்டு. என் வண்டியில் பூஸ்டரே கிடையாது. எஞ்சினை ஏற்றியவர்கள் பழைய ரப்பர் குழாயை நாலு விரல் நீளத்துக்கு வெட்டி, முனையில் ஒரு போல்ட்டைச் செருகி விட்டிருந்தார்கள். மேலே பார்த்தால் கச்சிதம். அடிப்பக்கம் சூட்டில் வெந்து, நகம் நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது.

ஐடிலிங்கில், காற்று வழியைத் திறந்து மூடும் திராட்டில் மூடியிருக்கும். மேனிஃபோல்டின் உறிஞ்சல் உச்சத்தில் இருக்கும். அந்த வெடிப்பு வழியே வரும் காற்றே பெரும் பங்கு. வேகத்தில் அது ஒரு பொருட்டே இல்லை. அப்போது பெரிய ஜெட்தான் பெட்ரோலைக் கொட்டுகிறது. குழாயை எறிந்துவிட்டு உலோக மூடி போட்டேன். பழைய ஜெட்டுக்குத் திரும்பி, திருகை அரைச் சுற்று அரைச் சுற்றாக வைத்துப் பார்த்தேன். பத்து கிலோமீட்டர் ஓட்டி, நின்றவுடன் அணைத்து, பிளக்கைக் கழற்றினால் பிஸ்கட் நிறம், கலவை சரி என்று அர்த்தம். இரண்டு மாதமாகப் பழி சுமந்த கார்புரேட்டர் நிரபராதி!

மதுரையிலிருந்து:

எனக்கு நேர் எதிர் அண்ணா. நான் போட்டது ஓவர்ஹால் செய்த அதே 1489 எஞ்சின், எஸ்.யு. வகை கார்புரேட்டர். மெக்கானிக்கின் கை பழைய மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பைத் தூக்கிவிட்டு, இஞ்செக்‌ஷன் கார் ஒன்றின் எலக்ட்ரிக் பம்பை மாட்டிவிட்டது. கார்புரேட்டருக்குச் சுமார் 3 பி.எஸ்.ஐ. அழுத்தம் போதும், அந்தப் பம்பு அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் தள்ளும். பெட்ரோல் வரவை அடைக்கும் மிதவை ஊசி பாவம், என்ன செய்யும்? பெட்ரோல் பொங்கிச் சூடான சைலன்சர் பக்கம் சொட்டியதைப் பார்த்து என் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். பழைய பம்பையே திரும்பப் போட்டேன்.

எஸ்.யு. வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: எஞ்சின் சூடான பின், கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கிப் பாருங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். அணையப் போனால் காற்று அதிகம். ஒரு நொடி கூடிப் பழைய நிலைக்கு வந்தால் கை வைக்காதீர்கள்.

காரைக்குடியிலிருந்து:

இருவரும் பெட்ரோலில் கலக்கும் எத்தனாலை மறந்துவிட்டீர்கள். சுத்தமான பெட்ரோல் 1 கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். 20 சதவீத எத்தனால் கலந்தால் சுமார் 13.5 போதும். பழைய ஜெட்டை அப்படியே வைத்தால் கலவையில் காற்று மிஞ்சும். பழைய ரப்பர் குழாய்களையும் அது ஊறவைத்துக் கெடுக்கும்.

கோயம்புத்தூரிலிருந்து:

ஐயா சொல்வது சரி. ஆனால் அது எல்லா வேகத்திலும் ஒரே மாதிரி தெரியும். சிக்னலில் மட்டும் குலுங்கினால் முதலில் காற்றுக் கசிவைத் தேடுங்கள். குழாய் பற்றிச் சொன்னதால் ஞாயிற்றுக்கிழமை டேங்கிலிருந்து வரும் குழாயை விரலால் அழுத்திப் பார்த்தேன். உள்ளே கறுப்பு மைபோல் ஒட்டியது. மாற்றிவிட்டேன்.