அப்பாவின் எடை கருவியில் தெரிகிறது, செவிலியருக்குப் போவதில்லை

அப்பாவுக்கு இதயச் செயலிழப்பு. மன்னார்குடி பக்கம் கிராமத்தில் அம்மாவுடன் இருக்கிறார், நான் சென்னையில். தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், வெறும் வயிற்றில் புளூடூத் எடைக்கருவியில் ஏறி நிற்பார். அந்த எண் செல்பேசிச் செயலி வழியாக மருத்துவமனைச் செவிலியருக்குப் போகவேண்டும். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் உடலில் நீர் கோக்கிறதோ என்று பார்க்கவேண்டும். கால் வீங்கும்வரை காத்திருக்க முடியாது.

பொங்கலுக்குப் பிறகு செல்பேசி ஆண்ட்ராய்டு 14-க்கு மாறியதிலிருந்து சிக்கல். கருவியில் 71.4 என்று பளிச்சென்று தெரிகிறது. செயலியில் பழைய எண்ணே நிற்கிறது. செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு ஏறினால் மட்டும் போகிறது. அப்பாவுக்கு அது நினைவிருப்பதில்லை. ரத்த அழுத்தக் கருவி அதே செயலியில் ஒழுங்காக வேலை செய்கிறது என்பதுதான் வேடிக்கை.

பேட்டரி மாற்றியாயிற்று, இணைப்பை நீக்கி மறுபடி இணைத்தாயிற்று. அருகிலுள்ள சாதனங்கள், இருப்பிடம் இரண்டுக்கும் அனுமதி கொடுத்திருக்கிறேன். பேட்டரி சேமிப்பிலிருந்தும் விலக்கு அளித்துவிட்டேன். உதவி எண்ணில் "மீண்டும் நிறுவுங்கள்" என்பதைத் தாண்டி வரமாட்டேன் என்கிறார்கள். அதுவும் ஆயிற்று. இப்போதைக்கு அம்மா காலண்டரில் எழுதி எனக்குச் சொல்கிறார்.

செயலியைத் திறக்காமலே எடை தானாகப் போக, ஆண்ட்ராய்டு 14-இல் வேறு எந்த அமைப்பை மாற்றவேண்டும்?