விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு மாறுகிறேன்: ஸ்கிரீன் ரீடரோடு பேசும் மென்பொருளை எப்படித் தேடுவது?

கேள்வி

வணக்கம். நான் முழுப் பார்வையற்றவள், மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். ஒன்பது வருடமாக விண்டோஸ் 10, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரான என்விடிஏ, இரண்டோடுதான் பிழைப்பு. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்துபோனது. என் மடிக்கணினியில் விண்டோஸ் 11 ஏறாது. நன்றாக ஓடுகிற கணினியைத் தூக்கிப் போட மனசில்லை. லினக்ஸ் போட்டுத் தருகிறேன் என்கிறான் தம்பி.

என்விடிஏ அங்கே ஓடாது, லினக்ஸில் ஸ்கிரீன் ரீடர் என்றால் ஓர்காதான் என்று தெரியும். அதைப் பழகிக்கொள்வேன். மற்ற மென்பொருள்களை நினைத்தால்தான் பயம். "இதற்குப் பதில் இது" என்று பட்டியல்கள் ஏராளம். எது பேசும், எது பேசாது என்று அவற்றில் இல்லை. போன வாரம் தம்பியின் கணினியில் குறிப்பெழுதும் மென்பொருள் ஒன்றைத் திறந்தேன். டேப் அடிக்க அடிக்க "பட்டன், பட்டன், பட்டன்". எட்டு பட்டன், ஒன்றுக்கும் பெயர் இல்லை. எது சேமிக்கும், எது அழிக்கும்? தொடவே பயந்து மூடிவிட்டேன்.

வேர்ட் கோப்பு, மின்னஞ்சல், உலாவி மூன்றும் அவசியம். தமிழை எழுத்தெழுத்தாகக் கேட்டாக வேண்டும்.

பதில் 1

சகோதரி, நானும் பார்வையற்றவன்தான், மூன்று வருடம் முன்பு இதே வழியில் வந்தேன். என் அனுபவத்தில் சொல்கிறேன்: இயங்குதளத்தை இப்போது தொடாதீர்கள். முதலில் விண்டோஸில் இருந்தபடியே மென்பொருள்களை மாற்றுங்கள். வேர்ட் கோப்புக்கு லிப்ரே ஆஃபிஸ், மின்னஞ்சலுக்குத் தண்டர்பேர்ட், உலாவியாக ஃபயர்ஃபாக்ஸ்: மூன்றும் இரண்டு பக்கமும் உண்டு, ஓர்காவோடும் பேசும். ஒரு மாதம் என்விடிஏவோடு அவற்றிலேயே வேலை செய்யுங்கள். அப்புறம் லினக்ஸ் போகும்போது புதிதாகப் பழக வேண்டியது ஓர்கா மட்டும்தான். நான் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினேன். ஏதாவது பேசாமல் போனால் தப்பு ஓர்காவிலா, மென்பொருளிலா, என் விரலிலா என்றே புரியாமல் இரண்டு வாரம் வீணானது.

அந்த ஒரு மாதத்தில் உபுண்டு என்ற லினக்ஸ் வகையை யூஎஸ்பியில் போட்டு, நிறுவாமலேயே ஓட்டிப் பாருங்கள். ஆல்ட், விண்டோஸ் விசை, எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஓர்கா பேசத் தொடங்கும். இணையப் பக்கத்தில் தலைப்புக்கு எச், இணைப்புக்கு கே, பட்டனுக்கு பி: நீங்கள் பழகிய அதே எழுத்துகள். இன்சர்ட்டோடு எச் அழுத்தினால் பழகுமுறை வரும். எந்த விசையைத் தட்டினாலும் அது என்ன செய்யும் என்று சொல்லும். எஸ்கேப் அடித்தால் வெளியே வந்துவிடலாம்.

குரலைப் பற்றிக் கவலை வேண்டாம். என்விடிஏவோடு வருகிற ஈஸ்பீக் என்ஜி என்ற குரல் மென்பொருள்தான் லினக்ஸிலும் பேசுகிறது, தமிழும் உண்டு. அதே கரகரப்பு கூடவே வரும்!

பதில் 2

நான் நிரலாளர். அந்த எட்டு பட்டன் ஏன் ஊமையாக இருந்தன என்று சொல்கிறேன். ஸ்கிரீன் ரீடர் திரையில் தெரியும் படத்தைப் பார்த்து வாசிப்பதில்லை. ஒவ்வொரு பட்டனுக்கும் பெயர் என்ன, வேலை என்ன என்று மென்பொருள்தான் இயங்குதளத்திடம் சொல்ல வேண்டும். லினக்ஸில் அந்த வழிக்கு ஏடி-எஸ்பிஐ என்று பெயர். விண்டோஸிலும் மேக்கிலும் வேறு வேறு. ஐகானை மட்டும் வைத்துவிட்டுப் பெயர் எழுத மறந்தால் "பட்டன்" என்பதோடு நின்றுவிடும். அது எங்கள் பிழை. எந்த மென்பொருள் என்று தெரிந்தால் பிழைகளைத் தெரிவிக்க அவர்கள் வைத்திருக்கும் வழுப்பட்டியலில் எழுதுங்கள். பெயர் சேர்ப்பது பெரும்பாலும் ஒரு வரி வேலைதான்.

இன்னொன்று: விண்டோஸில் பேசுகிற மென்பொருள் லினக்ஸிலும் பேசும் என்று நம்பி இறங்காதீர்கள். ஒவ்வொன்றையும் யூஎஸ்பியிலேயே சோதியுங்கள்.

பதில் 3

மேக் கிடைத்தால் அதையும் யோசியுங்கள். வாய்ஸ்ஓவர் என்ற ஸ்கிரீன் ரீடர் 2005 முதல் உள்ளேயே இருக்கிறது, கமாண்டும் எஃப்5உம் அழுத்தினால் போதும். ஆனால் அதன் நடையே வேறு: ஒரு பட்டியலுக்குள்ளே நுழைய ஒரு கட்டளை, வெளியே வர இன்னொன்று. என்விடிஏ பழகிய கைக்கு அதைவிட ஓர்காதான் நெருக்கம்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு யூஎஸ்பியில் ஓட்டினேன். லிப்ரே ஆஃபிஸில் "பழம், பள்ளம், பல்லம்" என்று தட்டி, அம்புக்குறியால் ஒவ்வோர் எழுத்தாக நகர்ந்தேன். மூன்றாவது சொல்லில் இருந்த பிழை காதில் விழுந்தது. கருத்துக் குறிப்புகளையும் வாசித்தது. கோப்பில் செய்த திருத்தங்களைக் காட்டும் மாற்றப் பதிவைத்தான் இன்னும் சோதிக்கவில்லை. நூறு திருத்தம் உள்ள பழைய கோப்பு ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன், நாளைக்கு அதோடு உட்காருகிறேன்.