‘சுமாருக்கும் நன்றுக்கும் நடுவில்’: இதைச் சராசரியில் சேர்க்கலாமா?

தராசு:
ஒரு பணியிடம், இரண்டு விண்ணப்பதாரர்கள், மூன்று தேர்வாளர்கள். மதிப்பெண்ணுக்குப் பதில் சொல்லாகவே கருத்துக் கேட்டோம்: மிக மோசம் 0, மோசம் 1, சற்றுக் குறைவு 2, சுமார் 3, நன்று 4, மிக நன்று 5, அற்புதம் 6. ‘ஆ’வுக்கு நன்று, நன்று, சுமார் என்று வந்தது. ‘அ’வுக்கு முதலாமவர் ‘நன்று’ என்றார். இரண்டாமவர் ‘சுமாருக்கும் நன்றுக்கும் நடுவில்’ என்றார். மூன்றாமவரோ ‘சற்றுக் குறைவு முதல் அற்புதம் வரை எதுவாகவும் இருக்கலாம்’ என்று எழுதிவிட்டார்.

கீழ் எல்லை, மேல் எல்லை இரண்டையும் தனித்தனியே சராசரி எடுத்தால் அ 3 முதல் 4.67 வரை, ஆ 3.67. நடுப்புள்ளி 3.83 என்பதால் அ முந்துகிறார். இரண்டு இடைவெளிகளை ஒப்பிடும் சூத்திரமும் ‘அ மேல்’ என்பதற்கு 0.6 தருகிறது (அ-வின் இடைவெளியில் 3.67-க்கு மேல் இருக்கும் பங்கு). இப்படியே அறிவிக்கலாமா?

வரிசைமுறை:
கூடவே கூடாது. மூன்றாமவர் சொன்னது ‘எனக்குத் தெரியவில்லை’. 2-க்கும் 6-க்கும் நடு 4 என்பதால் உங்கள் கணக்கில் அது ‘நன்று’ ஆகிவிட்டது! அவர் தராத பாராட்டு அ-வின் பக்கம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இன்னொன்று, சுமாரிலிருந்து நன்றுக்கு எவ்வளவு தூரமோ அதே தூரம்தான் நன்றிலிருந்து மிக நன்றுக்கும் என்று யார் அளந்தது? இவை வரிசை மட்டுமே தெரிந்த அளவைகள். இவற்றுக்கு இடைநிலைதான் (வரிசையாக அடுக்கினால் நடுவில் வருவது) பொருந்தும், சராசரி பொருந்தாது என்று உளவியலாளர் ஸ்டீவன்ஸ் 1946-லேயே எழுதிவிட்டார். இடைநிலை எடுத்துப் பாருங்கள்: அ 3 முதல் 4 வரை, ஆ 4. ஆ பின்தங்க வழியே இல்லை.

சொற்கணியன்:
இடைநிலை மூன்றாமவரின் தயக்கத்தைக் காதிலேயே வாங்கவில்லை, நண்பரே. அவர் ‘2 முதல் 6’ என்பதற்குப் பதில் ‘2 முதல் 4’ என்று சொல்லியிருந்தாலும் உங்களுக்கு அதே விடைதான். ஒருவர் இவ்வளவு தடுமாறுகிறார் என்பதும் தகவல்தானே?

கணினி அறிவியலாளர் ஸாதே 1965-இல் ஃபஸ்ஸி கணத்தையும் (ஒன்று ஓரளவு மட்டும் உறுப்பாக இருக்கலாம் என்று ஏற்கும் கணம்), 1975-இல் சொற்களையே மதிப்பாக ஏற்கும் மாறியையும் கொண்டுவந்தது இத்தகைய இடங்களுக்காகத்தான். 2000-இல் ஹெரேரா, மார்த்தினெஸ் என்ற ஆய்வாளர்கள் 3.67-ஐ ‘நன்று, அதிலிருந்து 0.33 குறைவு’ என்று எழுதும் வழி சொன்னார்கள். சொல்லும் நிற்கும், முழு எண்ணாக்கும்போது தகவலும் தொலையாது. சம தூரம் வேண்டாம் என்றால் சமமில்லாத படிகளுக்கும் முறைகள் உண்டு.

வரிசைமுறை:
அந்த 0.33-க்கு என்ன பொருள்? எந்தத் தேர்வாளரும் அப்படி ஒரு சொல் சொல்லவில்லை. 0.6 அதைவிட மோசம். இடைவெளிக்குள் எல்லாப் புள்ளிக்கும் சம வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால்தான் அது நிகழ்தகவு. மூன்றாமவர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

சொற்கணியன்:
0.6-ஐ முடிவாக அறிவிப்பதை நானும் ஏற்கவில்லை. நடுப்புள்ளியையும் விடுங்கள். பொருளியலாளர் ஹர்விச் 1951-இல் சொன்னபடி நம்பிக்கைக் குணகம் (நல்லதே நடக்கும் என்று எவ்வளவு எதிர்பார்க்கிறோம் என்பதற்கான எண்) ஒன்று வையுங்கள்: 0 என்றால் கீழ் எல்லையை மட்டும் பார்ப்பது, 1 என்றால் மேல் எல்லையை மட்டும். தராசின் சராசரிக் கணக்கில் அது 0.4-ஐத் தாண்டினால் அ, குறைந்தால் ஆ. எந்த இடத்தில் முடிவு புரள்கிறது என்பது பளிச்சென்று தெரிகிறதே, இடைநிலை இதைக் காட்டுமா?

வரிசைமுறை:
காட்டாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெயர்களைப் பார்த்த பிறகு குணகத்தை முடிவு செய்தால், வேண்டியவருக்கு ஏற்றபடி 0.35 அல்லது 0.45 என்று எழுதிக்கொள்ளலாம். விண்ணப்பம் பிரிக்கும் முன்பே எழுதி வைக்காத குணகத்தை நான் ஏற்க மாட்டேன்.

தராசு:
மூன்றாமவரிடமே கேட்டேன். அ-வின் செய்முறைத் தேர்வின்போது அவர் அறையில் இல்லையாம். அவர் முன்னிலையில் அதை மறுபடி வைக்கிறோம்.

வரிசைமுறை:
ஆ-வுக்கும் சேர்த்தே வையுங்கள். ஒருவருக்கு மட்டும் மறுவாய்ப்புக் கொடுத்தால் எந்தச் சூத்திரத்தாலும் அந்தச் சாய்வை நீக்க முடியாது. இந்த முறை மூன்று பேரும் அறையில் இருக்கட்டும்.