ழெரோமின் 'பாம்பாட்டி' ஓவியத்தில் அதிகாரம் எங்கே இருக்கிறது?

கேள்வி:
பிரெஞ்சு ஓவியர் ழான்-லியோன் ழெரோம் 1879 வாக்கில் வரைந்த 'பாம்பாட்டி' ஓவியத்தை, கிழக்கு நாடுகளை மேற்கு எப்படிக் கற்பனை செய்து சித்திரித்தது என்று விமர்சித்து எட்வர்ட் சயீத் 1978இல் வெளியிட்ட 'ஓரியண்டலிசம்' நூலின் அட்டையில்தான் முதலில் பார்த்தேன். நீல ஓடு பதித்த சுவரில் சாய்ந்து சில ஆண்கள் அமர்ந்திருக்க, பாம்பைச் சுற்றிக்கொண்ட ஒரு சிறுவன் நமக்கு முதுகு காட்டி நிற்கிறான். போரோ ஐரோப்பிய அதிகாரியோ இல்லாத இப்படத்தை ஏன் அதிகாரத்தின் படம் என்கிறார்கள்?

மறுமொழி 1:
ஐரோப்பியர் இல்லாததுதான் விஷயமே. கலை வரலாற்றாளர் லிண்டா நோக்லின் 1983இல் எழுதிய கட்டுரையில், படத்துக்குள் வராத மேற்கத்தியரின் பார்வைக்காகவே காட்சி முழுவதும் அடுக்கப்பட்டிருக்கிறது என்று வாதிட்டார். தூரிகைத் தடமே தெரியாத அந்த வழவழப்பு ஓவியரின் கையை மறைத்துவிடுவதால், கற்பனையாகக் கோத்த காட்சி கண்ணால் கண்ட சாட்சியம்போல் ஆகிவிடுகிறது. ஓடுகள் இஸ்தான்புல்லின் தோப்காபி அரண்மனையை ஒத்தவை. பாம்பாட்டமோ எகிப்தில் பெயர்பெற்றது. இரண்டையும் ஒரே காட்சியில் கோத்தவர் ஓவியர்தான். ஓடுகள் சில இடங்களில் உதிர்ந்திருப்பதையும் பாருங்கள். பராமரிக்க ஆளற்ற, சோம்பிக் கிடக்கும் நாடு என்ற எண்ணத்தை அந்த உதிர்வு சொல்லாமலே ஊட்டுகிறது. 1830இலேயே அல்ஜியர்ஸைக் கைப்பற்றியிருந்த பிரான்சுக்கு அவ்வெண்ணம் வசதியானதுதானே.

மறுமொழி 2:
பெரும்பாலும் உடன்படுகிறேன், ஆனால் குற்றத்தை அந்த வழவழப்பின்மேல் சுமத்தினால் ஒஸ்மான் ஹம்தி பேயை என்ன செய்வது? பாரிஸில் பயின்ற இந்த ஒட்டோமான் (துருக்கியப் பேரரசு) ஓவியர் அதே நடையில், அதே ஓடுகளையும் அங்கிகளையும்தான் வரைந்தார். ஆனால் அவருடைய மனிதர்கள் நிமிர்ந்து நிற்கிறார்கள், நூல் வாசிக்கிறார்கள். 1881இல் பேரரசு அருங்காட்சியகத்தின் இயக்குநரான அவர், தொல்பொருள்களை வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்வதைத் தடுக்கும் 1884ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் காரணமாக இருந்தவர். அவரையும் முழுதாக விடுவிக்க எனக்கு மனமில்லை: 1906இல் வரைந்த 'ஆமைப் பயிற்சியாளர்' படத்தில் பழைய உடையைப் பூண்டிருக்கும் முதியவருக்கு முன்மாதிரி அவரேதான். பேரரசின் தலைநகரான இஸ்தான்புல்லின் படித்த மனிதருக்கும் பழமை ஒரு வேடமாகிவிட்டிருந்தது.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. படத்தை மீண்டும் பார்த்தபோது வேறொன்று பிடிபட்டது. சிறுவனின் வித்தை அந்த ஆண்களை நோக்கியே நடக்கிறது. நமக்குத் தெரிவது அவன் முதுகுக்கு அப்பால் வாய்மூடி லயித்திருக்கும் அவர்களின் முகங்கள். அவர்களுக்கு அவன் வேடிக்கை. நமக்கு அவர்களும் சேர்ந்தே வேடிக்கையாக வைக்கப்பட்டிருக்கிறார்கள்.